கரடி வீட்டு நாலு ஊஃபரும் கௌதாரியின் ஏழு முட்டையும்

ஒரு காட்டில், மின்சாரம் வந்து மூன்றே வருஷம் ஆகியிருந்த காட்டில், தடிவீரன் என்ற கரடி தன் வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்தது. மலையிலிருந்த தேன்கூடுகளில் பாதிக்கு மேல் அதன் குத்தகையில் இருந்தது. கையில் நாலு காசு சேர்ந்தால் சிலர் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பார்கள், சிலர் குளத்துக்குப் படி கட்டுவார்கள். தடிவீரன் சுவர் அகலத்துக்கு ஒரு திரை வாங்கியது. கூடவே ஊஃபர் என்று ஒரு கறுப்புப் பெட்டியும் வாங்கியது. பாடுவது, பேசுவதெல்லாம் மற்ற ஸ்பீக்கர்களின் வேலை. நெஞ்சுக்குள் வந்து திம் திம் என்று இடிப்பது மட்டும்தான் ஊஃபரின் வேலை. அந்த இடிக்கு பேஸ் என்று பெயர்.

வசதி வந்த நாளிலிருந்து தடிவீரன் இரண்டு காலில்தான் நடந்தது. முதுகு வலித்தாலும் இரண்டு காலில்தான். நாலு காலில் திரிந்த காலத்தை யாராவது பேச்சில் எடுத்தால் அதற்கு மூக்கு விடைத்துவிடும்.

எல்லாவற்றையும் மாட்டிக்கொடுக்க வந்தது நரி குணசீலன். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். அது டேப் வைத்து அளந்து, ஹாலின் நட்டநடுவில் ஒரு ஒற்றைச் சோபாவைப் போட்டது.

"வீட்டுக்கு உடையவரு நடுவுலதான் உக்காரணும் முதலாளி. நாலு சுவரும் உங்களைப் பாத்துக் கும்பிட்ட மாதிரி இருக்கும்."

ஊஃபரை ஓரமாய் ஒரு மூலையில் வைத்தது. தடிவீரனின் மனைவி வடிவு கேட்டது: "அந்த மூலையில ஏன் வைக்கிய?"

"பிளக் பாயிண்ட் அங்கதானேம்மா இருக்கு?"

படம் ஓடத் தொடங்கியது. திரையில் இரண்டு யானைகள் மோதின. தடிவீரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தது. யானை விழுந்தது, மலை சரிந்தது, பாலம் உடைந்தது. நெஞ்சில் ஒரு ஈ உட்கார்ந்த அளவுக்குக்கூட எதுவும் ஆடவில்லை.

"ஏட்டி வடிவு, பேஸ் வரலியே!"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "வரலியா? இங்க தட்டு, டம்ளர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது. ரசச் சட்டி அடுப்பைவிட்டு இறங்கி வாசலுக்குப் போயிரும்போல இருக்கு."

ஊஃபர் இருந்த மூலைக்கு நேர் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முள்ளுப்புதர். அதற்குள் தங்கக்கனி என்ற கௌதாரி ஏழு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது நாள் அடை. மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதன் வீட்டுக்காரர் போன மாதம்தான் வேட்டைக்காரன் வலையில் சிக்கிப் போயிருந்தார். அவர் விட்டுப்போனது இந்த ஏழும்தான்.

முதல் திம்மில் முட்டைகள் அசைந்தன. இரண்டாவது திம்மில் ஒன்றோடொன்று முட்டின. தங்கக்கனி இறக்கையை அகல விரித்து எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு, "ஆண்டவனே, இது இடியா, பூமி நடுக்கமா?" என்று கேட்டது. இடி என்றால் மழை வர வேண்டும். மழை வரவில்லை. இடைவேளைதான் வந்தது.

அந்த இடைவேளையில் அது கரடி வீட்டுப் படியேறியது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. அடைகாத்துட்டு இருக்கேன். முட்டையெல்லாம் உருளுது. அந்தத் திம் திம்மைக் கொஞ்சம் கொறைச்சு வச்சீங்கன்னா புண்ணியமாப் போகும்."

தடிவீரனின் முகம் மாறியது. "உனக்குக் கேக்குதா?"

"நெஞ்சுக்கூடு வரைக்கும் கேக்குது அண்ணாச்சி."

"நெஞ்சுக்கூடு வரைக்கும்?"

"ஆமா. முதுகுத்தண்டு வழியா வாலுக்கும் போகுது."

"வாங்கி வச்சவன் நான். நடு வீட்டுல உக்காந்திருக்கவன் நான். எனக்கு ஒரு பொட்டுகூடக் கேக்கலை. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓசியில உக்காந்திருக்க உனக்கு வால் வரைக்கும் போகுதோ? எம் பேஸையும் எடுத்துக்கிட்டு, குறைவேற சொல்ல வந்திட்டியா?"

தங்கக்கனி படியிறங்கிப் புதருக்குத் திரும்பிப் போனது. இருக்கிறவன் தனக்கு இல்லை என்று அழத் தொடங்கினால், இல்லாதவள் எங்கே போய் அழுவது?

மறுநாள் தடிவீரன் நரியை வரவழைத்தது. குணசீலன் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டது. பிறகு மருத்துவர் மாதிரித் தலையை ஆட்டியது.

"ஒத்தைப் பெட்டி முதலாளி. ஒத்தை மாடு வண்டி இழுக்குமா?"

இரண்டாவது ஊஃபர் வந்தது. அதை எங்கே வைப்பது? பிளக் பாயிண்ட் இருக்கும் மூலையில்தான், முதல் பெட்டியின் தலைமேல். தடிவீரன் சோபாவில் உட்கார்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அடுக்களையில் ஊறுகாய் ஜாடி விழுந்தது. மழை பெய்யாத ஊரில் போய் இரண்டாவது குடையை விரித்த கதை.

இரண்டாவது ஊஃபர் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பதினோரு மொழியில் அச்சடித்த தாள். நரி அதைத் தூக்கி எறியப்போக, வடிவு வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தது.

"ஏங்க, இதுல வழி போட்டிருக்கு. பெட்டியைத் தூக்கி நீங்க உக்காருற சோபா மேல வைக்கணுமாம். பாட்டைப் போட்டுட்டு, நீங்க அறையைச் சுத்தி தவழ்ந்து போகணுமாம். எந்த இடத்துல பேஸ் நல்லாக் கேக்குதோ, அங்க பெட்டியை வச்சா, சோபாவுலயும் நல்லாக் கேக்குமாம். ரெண்டு பெட்டி இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாதாம், எதிரும் புதிருமா வைக்கணுமாம்."

"தவழ்ந்தா?"

"நாலு காலுல."

தடிவீரனின் மூக்கு விடைத்தது. "எவன் எழுதினான் அதை?"

"மனுசங்கதான். அவங்க வீட்டுல அவங்களே அப்படித்தான் தவழுறாங்களாம். படம்கூடப் போட்டிருக்கு."

"மனுசன் தவழலாம்டி. அவன் தவழ்ந்தாலும் மனுசன்னுதான் சொல்லுவாங்க. நான் தவழ்ந்தா கரடின்னுல்ல சொல்லிருவாங்க!"

"சரி, அதை விடுங்க. நான் தெனமும் இந்த வீட்டைக் குனிஞ்சு துடைக்கேன். எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் இடிக்குது, அலமாரிப் பக்கம் இடிக்குது. நட்டநடுவுல வந்தா ஒரு ஆட்டமும் இல்லாம செத்துக் கிடக்கு. அந்தச் சோபாவை ரெண்டடி தள்ளிப் போடுங்க, போதும்."

"ஓரத்துலயா? நான் என்ன விருந்தாளியா?"

வடிவு தாளை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது.

மூன்றாவது பெட்டியும் வந்தது. மூலையில் கோபுரம் மாதிரி உயர்ந்தது. அதை முதன்முதலாகப் போட்ட மத்தியானம், தங்கக்கனி தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போயிருந்தது. ஒரு மிடறுதான் குடித்திருக்கும். திரும்பி வந்தபோது ஏழாவது முட்டை புதருக்கு வெளியே கல்லில் உடைந்து கிடந்தது. எறும்பு வந்துவிட்டது.

அது அழவில்லை. மிச்சம் ஆறின் மேலும் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்கப் போகவில்லை. விடியற்காலையில் இலையில் விழுந்த பனியை அலகால் உறிஞ்சிக்கொண்டது.

மனு கொடுக்கலாம் என்று ஒரு அணில் சொல்லி, படிவத்தையும் புதருக்கே கொண்டுவந்து கொடுத்தது. காட்டு அலுவலகத்தில் 'இரைச்சல் நிவாரணப் படிவம்' என்று ஒன்று இருந்தது. மூன்று நகல். எந்தக் காதில் கேட்டது, இடதா வலதா என்று ஒரு கட்டம். கேட்டபோது மனுதாரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கட்டம். தங்கக்கனி 'தாயாக இருந்தேன்' என்று எழுதியது. அதை அடித்துவிட்டு 'சும்மா உட்கார்ந்திருந்தார்' என்று எழுத்தர் திருத்திக்கொண்டார்.

அடையின் ஒன்பதாம் நாள் அதிகாரி வந்தது. உடும்பு. ஒரு விதியைப் பிடித்தால் விடாது என்று பெயர் வாங்கிய உடும்பு. தங்கக்கனி புதருக்குள்ளிருந்து கூப்பிட்டது. "ஐயா, இங்க வாங்க. இந்த முள்ளுல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க."

"விதி பதினாலு அம்மா. சத்தத்தை அது உண்டாகிற வீட்டில்தான் அளக்க வேண்டும். அதுவும் வீட்டு உரிமையாளர் உட்காரும் ஆசனத்தில் உட்கார்ந்துதான் அளக்க வேண்டும்."

"எம் முட்டை இங்கதானே இருக்கு?"

"முட்டை எங்கே இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை."

உடும்பு உள்ளே போய்ச் சோபாவில் சாய்ந்தது. தடிவீரன் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தது. மூன்று பெட்டியும் முழு வேகத்தில் ஓடின. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு முட்டையும் குதித்தன. உடும்பு இரண்டு காதையும் சுத்தம் செய்துகொண்டு கேட்டது. எழுதியது: 'அதிர்வு எதுவும் இல்லை. ஆசனம் வசதியாக உள்ளது. மனுதாரர் காது மருத்துவரைப் பார்க்கலாம்.'

தாளை வாங்கிப் பார்த்த தடிவீரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டுதே, எம் வீட்டுல பேஸ் இல்லைன்னு! இதை வெளிய சொன்னா மானம் போயிருமே!"

அன்றைக்கே அதிகாரியின் தாளை எடுத்துக்கொண்டு நரியிடம் ஓடியது. குணசீலன் அதை இரண்டு முறை வாசித்து, உள்ளூரச் சிரித்து, வெளியே பெருமூச்சு விட்டு, நாலாவது ஊஃபரை வண்டியில் ஏற்றியது.

பதினேழாம் நாள். இன்னும் இரண்டே நாளில் குஞ்சு பொரிய வேண்டும். உள்ளே குஞ்சு ஓட்டைக் கொத்துகிறதா என்று தங்கக்கனி காதை வைத்துக் கேட்டது. திம் என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு தாய்க்குத் தெரியவில்லை. நாலாவது பெட்டியும் அடுக்கியாகிவிட்டது; அதற்குக் கரண்டு பத்தவில்லை என்று தடிவீரன் புதுக் கம்பி இழுக்க ஆள் பார்க்கப் போயிருந்தது. படம் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தங்கக்கனி காய்ந்த புல்லால் முட்டைகளை இறுக்கி வைத்துவிட்டு வடிவிடம் ஓடியது.

"மதினி, எம் பிள்ளைகளைக் காப்பாத்துங்க. எனக்கு வேற யாரு இருக்கா?" என்று கேட்டது. வடிவு அதை அணைத்துக் கூட்டிப்போய், கிட்டே இருந்த இடத்தில் உட்கார வைத்தது. கிட்டே இருந்தது அந்தச் சோபாதான்.

தங்கக்கனி அழ வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"மதினி, நிறுத்திட்டீங்களா?"

"இல்லியே. அந்தா ஓடுதே." திரையில் யானைகள் மோதிக்கொண்டிருந்தன. வடிவு நின்ற இடத்தில் அதன் காதுத் தோடு ஆடிக்கொண்டிருந்தது.

கௌதாரி பதினாலு நாளாய் அமைதி கேட்டு வேண்டியது. கரடி அதே நாளெல்லாம் அதிர்வு கேட்டு வேண்டியது. ஆண்டவன் இரண்டு பேருக்கும் கேட்டதைக் கொடுத்துத்தான் வைத்திருந்தான். ஆள்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வடிவு மெதுவாகச் சொன்னது: "அவரு வரட்டும். குறைக்கச் சொல்லாதே. புகழ்ந்து பேசு."

தடிவீரன் வந்தது. தங்கக்கனி வாசலில் நின்றது.

"அண்ணாச்சி, நான் பட்டிக்காட்டுக் கழுதை. அன்னைக்கு வந்து சத்தம்னு சொல்லிட்டேன். அது சத்தமா? பேஸ்! அவ்வளவும் எங்கிட்ட வந்து வீணாப் போகுது. வாங்கினவரு கேக்காம, நான் கேட்டா எனக்குப் பாவமில்லையா? நீங்க ஒரு தடவை என் எடத்துல உக்காந்து பாருங்க."

"முள்ளுலயா?"

"பெரிய இடத்துல எல்லாம் அதுக்குன்னு தனி ஆசனம் வெளியதான் போடுவாங்களாம்" என்றது வடிவு, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே.

தடிவீரன் புதருக்குள் நுழைந்து, தங்கக்கனி காட்டியபடி முட்டைகளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. நாலு பெட்டியும் ஒன்றாக முழங்கின. அதன் நெஞ்சு ஆடியது, தொப்பை ஆடியது, பல் ஆடியது. முள் குத்தியது.

"வடிவு! முள்ளுகூடத் தாளத்துக்குத்தாண்டி குத்துது! இதுதாண்டி பேஸ்! ஏ கௌதாரி, இந்த இடம் இனி எனக்கு. உனக்கு வேற எங்கயாவது பாத்துக்கோ."

"சரிங்க அண்ணாச்சி. அந்தப் பழைய சோபாவைக் குடுத்தீங்கன்னாக்கூடப் போதும்."

"எடுத்துக்கோ. ராசியில்லாத சோபா."

வடிவு ஆறு முட்டைகளையும் முந்தானையில் ஏந்தி வந்து சோபாவில் வைத்தது. தங்கக்கனி அவற்றின் மேல் அமர்ந்து, காதைச் சாய்த்துக் கேட்டது. நாலு ஊஃபர் இடிக்கும் வீட்டின் நட்டநடுவில், ஓட்டுக்குள்ளிருந்து, டிக் என்று ஒரு சின்னச் சத்தம். மறுபடியும் டிக். அப்போதுதான் அது அழுதது.

பத்தொன்பதாம் நாள் ஆறும் பொரிந்தன. அதற்குள் வெளியே மழைக்காலம் தொடங்கியிருந்தது. தடிவீரன் குடையைப் பிடித்துக்கொண்டு முள்ளில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து திரை தெரியாது. எதிரே சுவர்தான். அதனால் வடிவு ஜன்னல் வழியாக அவ்வப்போது கதை சொல்லும்: "இப்ப யானை விழுந்துட்டு. இப்ப பாலம் உடையுது." கரடி தலையாட்டும். விஷயம் பரவி, காட்டுப்பன்றியும் காட்டெருமையும் வந்து முள்ளில் உட்கார்ந்து பார்த்து, தங்கள் வீட்டுக்குப் பின்னாலும் முள்ளுச்செடி நட நரியிடம் சொல்லிவைத்தன. குணசீலன் இப்போது முள்ளும் விற்கிறது.

சோபா மெத்தையில் துள்ளிக்கொண்டிருந்த ஒரு குஞ்சு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கேட்டது: "அம்மா, அந்த மாமா ஏன் மழையில முள்ளுல உக்காந்திருக்காரு? பாவம், அவருக்கு வீடு இல்லியா?"

"மெதுவாப் பேசுடா" என்றது தங்கக்கனி. "அவருதான் இந்த வீட்டுக்காரரு. வசதியானவங்க அப்படித்தான் இருப்பாங்க."

நீதி: பெரிய மனிதனிடம் போய் அவன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதே. இதைவிட நன்றாகக் கேட்கும் இடம் வெளியே இருக்கிறது என்று சொல். அவன் எழுந்ததும் நீ உட்கார்ந்துகொள்.