கதிரை எண்ணப் போன கதை

பொதுப் பணத்துக்குக் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். அதைச் சரிபார்க்க ஒருத்தி வாசலுக்கு வந்து நின்றால் தெரியும் சேதி. நான் அப்படிப் போய் நின்றவள். அதுவும் சாவு வீட்டு வாசலில்.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரதேச சபை. (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிது; வேலை நிரந்தரமாகவில்லை. முந்தைய வருடம் யாரோ, கூட்டங்களில் உட்காரப் போடும் சபைக் கதிரைகளை எண்ணாமலே எல்லாம் இருப்பதாக இறுதிக் கணக்கில் எழுதிவிட, கணக்காய்வாளர்கள் கிழி கிழியென்று கிழித்திருந்தார்கள். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "கண்ணால பார்க்காத ஒரு கதிரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. பிழைச்சா ஒங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்றார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். பயத்தில் சோறு இறங்கவில்லை.

கணக்காய்வுக்கு முதல் நாள் எண்ணினால், களஞ்சியத்தில் அறுபது இரும்புக் கதிரைகள் குறைந்தன.

"நங்கி, அது மஹய்யாவ சாவு வீட்டுக்குக் குடுத்தது" என்றார் களஞ்சியப் பொறுப்பாளர் பண்டா, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு. "நம்ம ட்ரக்டர் ஓட்டின மாணிக்கம் செத்துப் போச்சுதானே."

கொட்டும் மழையில் போனேன். வாடகைக் கடைக் கதிரைகளும் அதே நிறத்தில் கலந்து கிடந்தன. சபையின் இலக்கம் இருக்கைக்கு அடியில் இருக்கும். கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். முன்வரிசைப் பெரியவரிடம் மெதுவாக, "ஐயா, கொஞ்சம் எந்திரிங்க" என்றேன்.

அவர் எழுந்தார். முன்வரிசையே எழுந்தது. முன்வரிசை எழுந்தால் பின்வரிசை சும்மா இருக்குமா? பெட்டியைத் தூக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தப்பு மேளம் முழங்கியது. உள்ளே ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. நானோ, இவ்வளவு நல்ல மனிதர்களா என்று மகிழ்ந்து, மளமளவென்று கதிரைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, எம் மகன் இன்னும் வரலையே! யாரு தூக்கச் சொன்னது?"

மாணிக்கம் அண்ணனின் மனைவி அலறியபோதுதான் நிமிர்ந்தேன். பெட்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. கட்டாரிலிருந்து வந்திறங்கிய மகன் கடுகண்ணாவையில் வாகன நெரிசலில் மாட்டியிருந்தான். வெளியே எடுத்த உடலை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. அவசரத்துக்கு நாலு கதிரைகளைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, மேலே ஒரு தறப்பாளைப் பிடித்தார்கள். பெரியவர் என்னைக் கைகாட்டினார். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். செத்துவிடலாம் போலிருந்தது.

அப்போதாவது கிளம்பியிருக்கலாம். ஆனால் ஐம்பத்தாறு எண்ணியாகிவிட்டது. மீதி நாலும் பெட்டிக்கு அடியில். (வேலை போய்விடும், வேலை போய்விடும் என்று மண்டைக்குள் ஒரே சத்தம்.) சேற்றில் முழங்காலிட்டு, தலையை உள்ளே விட்டு இலக்கம் பார்த்தேன். அந்த நேரம் பார்த்தா மகன் வந்து சேர வேண்டும்? தகப்பனின் காலடியில் விழுந்து கிடந்த என்னைத் தூக்கி நிறுத்தி, "அழாதீங்க தங்கச்சி. அப்பா ஒங்களுக்கும் ஏதோ நல்லது செஞ்சிருக்காரு போல" என்றான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை.

அந்த வருடம் கதிரைகளைப் பற்றிக் கணக்காய்வில் ஒரு கேள்வியும் வரவில்லை. வேலையும் நிரந்தரமானது. செயலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டியபோது, தலை நிமிர்ந்து நிற்க வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டிலோ, விசேஷம் எதுவானாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் இலை எடுப்பதில்லை.

போன வருடம் எங்கள் அப்பா இறந்தார். செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்து ஓடிவந்து லயத்து முற்றத்தில் நுழைந்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எனக்காக எழுந்தார்கள். அழுதழுது குரல் கட்டிப்போயிருந்த அம்மா, உள்ளேயிருந்து கத்தினாள்:

"யாரும் பெட்டியத் தூக்கிராதீங்க! எம் மக கதிரை எண்ண வந்திருக்கா!"

சாவு வீடே சிரித்தது. நானும் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அப்பா இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பார்.