தக்காளிப் பாத்தியும் துணிக்கொடியும்

சொந்தக் கையால் ஒரு தக்காளியாவது விளைவிக்காமல் சாவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் செய்தேன்.

"சரி, அதுக்கு முன்னாடி பல்லை விளக்கிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

பெரிய லட்சியங்களுக்கு என் வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். நான் தளரவில்லை. பல்லை விளக்கிவிட்டு வந்து மறுபடியும் சபதம் செய்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டடிக்குப் பத்தடி மண் இருக்கிறது. அதில் ஆறடிக்கு நாலடி இடத்தில்தான் நல்ல வெயில். அந்த இடத்துக்கு நேர் மேலே, பின்சுவரிலிருந்து சமையலறை ஜன்னல் வரைக்கும் ஒரு துணிக்கொடி. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. வெயிலை எல்லாம் போர்வையும் புடவையும் குடித்துவிட்டால் தக்காளிக்கு என்ன மிஞ்சும்?

"கொடி போகணும்" என்றேன்.

"துணி?"

"உள்ள காயட்டும். ஹால்ல ஃபேன் இருக்குல்ல?"

"மழை பெஞ்சா?"

"அப்பவும் ஃபேன் சுத்தும். ஒரு லட்சியத்துக்காக நாலு துணி ஈரமா இருந்தா என்ன குடியா முழுகிடும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி எதிர்த்துப் பேசினால் பயமே இல்லை. கத்தினாலும் சமாளிக்கலாம். "சரிங்க" என்றால்தான் ஆபத்து. இந்தப் பாடத்தை இருபது வருஷமாகப் படிக்கிறேன். இன்னும் பாஸ் பண்ணவில்லை.

அன்றே கொடியை அவிழ்த்தேன். துணிக்கொடி இறங்கியது, என் வெற்றிக்கொடி ஏறியது. மண்ணைக் கொத்தினேன். கொத்தியது போதாதென்று சமையலறைச் சல்லடையை எடுத்து வந்து மாவு மாதிரி சலித்தேன். முகத்துக்குப் பூசிக்கொள்ளலாம், அப்படி ஒரு மண். பன்னிரண்டு நாற்றுகளை நட்டுவிட்டு, அவற்றின் பக்கத்தில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை போய்ப் பார்த்தால் பாத்தியின் நடுவில் ஒரு குழி. இரண்டு நாற்றுகள் மல்லாந்து கிடந்தன. குழியை யாரோ அக்கறையாக மூடியிருந்தார்கள். நான் அதைவிட அக்கறையாக விரலால் கிளறிப் பார்த்தேன். கிளறியிருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்தைந்து வருஷம் கூட்டத்தைச் சமாளித்த மனிதர். அவரிடம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பூனை உண்டு. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் செக்கர். எந்த ஸ்டாப்பில் ஏறும், எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாதாம். நான் கையைக் கழுவிக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தேன்.

"உங்க பூனை என் பாத்தியில அசிங்கம் பண்ணிட்டுப் போயிருக்கு."

"செக்கரா? நீங்க பாத்தீங்களா தம்பி?"

"பூனையைப் பாக்கல. பொருளைப் பாத்தேன்."

"பொருளுக்கு வால் இருந்துச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்க. இந்தத் தெருவுல இருக்கறது ஒரே பூனை. அது உங்க பூனை."

"ரெண்டு வருஷமா இங்க கிடக்கு. ஒரு நாளாவது உங்க பக்கம் எட்டிப் பாத்திருக்கா? நீங்கதான் மெத்தை கணக்கா மண்ணைச் சலிச்சுப் போட்டு அழைச்சிருக்கீங்க. தானா ஏறுன பயணியை நான் எப்படி எறக்கறது?"

"அப்ப அது உங்க பூனை இல்லையா?"

"என் பூனைன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மதில்மேல் பூனை என்பார்கள். இங்கே பூனை தெளிவாக என் பாத்தியில் இருந்தது, மதில்மேல் நின்றது அதன் சொந்தக்காரர்தான்.

அடுத்த இரண்டு மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆரஞ்சுத் தோல் போட்டேன். செக்கர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையை முடித்தது. முள் குச்சி நட்டேன். அது என் குதிகாலில் ஏறியது. மிளகுத்தூள் தூவினேன். அன்று காற்று என் பக்கம் அடித்தது. இரண்டு நாள் தும்மிக்கொண்டே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு செடியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. ஹாலில் காலடி வைத்தால் ஈரப் போர்வை கன்னத்தில் அறையும். சொட்டுகிற பாவாடைக்குக் கீழே உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தால், படிப்பதற்குள் தாள் கூழாகிவிடும். போதாக்குறைக்கு என் ஷேவிங் கிண்ணத்தைக் காணோம்.

"என் கிண்ணம் எங்க?"

"எங்கேயாவது உபயோகத்துலதான் இருக்கும்" என்றாள்.

என் துக்கத்தில் பங்கெடுத்தது ஒரே ஒரு ஜீவன். கடைசிச் செடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பச்சைக் காய் பிடித்திருந்தது. தினமும் காலையில் அதைப் போய்ப் பார்ப்பேன். சிரிக்காதீர்கள், அதனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் அலுவலகம் கிளம்புவேன். அந்த ஒன்றை எப்படியாவது பழுக்க வைத்துவிட வேண்டும். அதற்குமேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று உலகம் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் கட்டினேன். மணிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் விரட்டிவிடலாம் என்பது திட்டம். கட்டப் போனபோது என் கையில் மூன்று கீறல் விழுந்தது. கடைசியில் என் மனைவி வந்து பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது கண்ணை மூடிக்கொண்டு சொகுசாகப் படுத்தது. நான் மணியைக் கட்டினேன். மிருகங்களிடம் இவளுக்கு என்ன ஒரு கைராசி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பாழாய்ப் போன பூனை, நான் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் வருவதில்லை. நான் அலுவலகத்தில் இருக்கும்போது இங்கே மணி அடித்து என்ன பயன்?

அப்போதுதான் எனக்கு என் பலம் நினைவுக்கு வந்தது. குடிநீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றறிக்கை எழுதுகிறவன் நான். நான் எழுதிய விதியில் ஓட்டை கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் தெருவுக்கு ஒரு நலச் சங்கம் இருக்கிறது. அதற்கு நான்தான் செயலாளர். கண்டக்டர் தப்பிக்க முடியாதபடி ஒரு விதி போட்டால்?

காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஆச்சரியம், என் மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விதி ஒண்ணு. பூனை எந்த வீட்டுல தூங்குதோ அந்த வீட்டுக்காரர்தான் அதோட உரிமையாளர்" என்று படித்தேன்.

"அது சுவத்து மேல தூங்குதுங்க. கண்டக்டர் அண்ணன் சுவத்தைக் காட்டிட்டுப் போயிடுவாரு. 'எந்த வீட்டுல சாப்பிடுதோ'ன்னு போடுங்க."

எனக்குப் புல்லரித்தது. போட்டேன்.

"விதி ரெண்டு. பூனை யார் தோட்டத்துல அசுத்தம் பண்ணாலும், ஞாயித்துக்கிழமை காலையில உரிமையாளர் வந்து அள்ளணும்."

"பொதுவா உரிமையாளர்னு போட்டா, அண்ணன் அவர் பொண்டாட்டி தலையில கட்டிடுவாரு. 'வீட்டுத் தலைவர் தாமே நேரில் வந்து'ன்னு போடுங்க."

"பலே! விதி மூணு. உரிமையாளர் தன் சொந்த மண்ணுலயே பூனைக்குன்னு ஒரு இடம் ஒதுக்கணும்."

"சலிச்ச மண்ணா இருக்கட்டும். அப்பதான் அது வேற எடத்துக்குப் போகாது."

கண்டக்டர் வீட்டு ரோஜாச் செடிகள் நிற்கும் இடத்தை நான் மனசுக்குள் அளந்தேன். 'குறைந்தது ஆறடிக்கு நாலடி. அங்கே வேறெதுவும் பயிரிடக் கூடாது' என்று நானே சேர்த்தேன். அது முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. அவளுக்கு அதில் பங்கில்லை.

"கூட்டத்தை நம்ம வீட்டுலயே வைங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு. எல்லாருக்கும் நான் டீ போட்டுத் தரேன்."

"நாலு மணியா? நான் தூங்கற நேரமாச்சே? அஞ்சு வரைக்கும் எந்த ஞாயித்துக்கிழமை நான் எழுந்திருக்கேன்?"

"ஒரு லட்சியத்துக்காக ஒரு நாள் தூங்காட்டா என்னங்க?"

இப்படி ஒரு மனைவி கிடைக்க நான் என்ன தவம் செய்தேனோ என்று நினைத்தேன். அதே கேள்வியை இப்போதும் கேட்டுக்கொள்கிறேன், குரல்தான் வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எட்டு வீட்டுக்காரர்களும் ஈரத்துணிகளை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஒரு தலையணை உறைக்குக் கீழே தலைமை தாங்கினார். நான் எழுந்து நின்று மூன்று விதிகளையும் கணீரென்று படித்தேன். படிக்கும்போது கண்டக்டரையே பார்த்தேன்.

"ஆதரிக்கறவங்க கையைத் தூக்கலாம்" என்றார் தலைவர்.

முதலில் தூக்கியது கண்டக்டர். பயத்தில் தூக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விதிகள் ஒருமனதாக நிறைவேறின. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

மணி நாலரை. என் மனைவி டீ கொண்டு வந்தாள். நான் ஒரு வாய் குடித்திருப்பேன்.

கிணி, கிணி, கிணி.

சத்தம் பின்சுவரிலிருந்து இறங்கியது. பாத்தியைத் தாண்டியது. பின்வாசல் வழியாக, வழி கேட்காமல், நேராக எங்கள் சமையலறைக்குள் போனது. அங்கே நின்றது. பிறகு சளப் சளப் என்று நக்குகிற சத்தம்.

ஹாலில் யாரும் டீ உறிஞ்சவில்லை.

தலைவர் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். தொழில் முறைப்படி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். செக்கர் பாலும் மீன் துண்டுமாக வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டது என் ஷேவிங் கிண்ணத்தில்.

"என்ன சார் இது?" என்றார் தலைவர்.

"எனக்கு... எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தம்பி," என்றார் கண்டக்டர் மிகவும் மரியாதையாக, "என் வீட்டுச் சோத்தை அது மோந்து பாத்தே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. சொன்னா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. அதான் நீங்களே மணி கட்டற வரைக்கும் பேசாம இருந்தேன்."

நான் என் விதிகளை எடுத்து ஓட்டை தேடினேன். தலைகீழாகப் பிடித்தும் தேடினேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் வீண் போகவில்லை. ஓட்டையே இல்லை. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவன்கூட ஓணானுக்கு விதி எழுதிக் கையெழுத்துப் போடவில்லை.

"எடம் ஒதுக்கணுமே?" என்று தலைவர் இழுத்தார்.

"ஏற்கெனவே தயாரா இருக்குங்க" என்றாள் என் மனைவி. "சலிச்ச மண்ணு. அளந்து பாத்தேன், சரியா ஆறடிக்கு நாலடி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுத் தலைவராகிய நான் தாமே நேரில், ஒரு கையில் வாளியும் மறு கையில் கரண்டியுமாக வீடு வீடாகப் போனேன். தலைவர் வீட்டில் புதுக் கண்ணாடி ஒன்றை இரவல் கொடுத்து, நன்றாகத் தேடச் சொன்னார்கள். கண்டக்டர் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அவர் தன் பழைய விசிலை எடுத்து வந்திருந்தார்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க! ரோஜாப் பக்கம் எடம் காலியாத்தான் இருக்கு!" என்றார். முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு, "போலாம், ரைட்!" என்று ஒரு விசில் கொடுத்தார்.

வாளியைக் கழுவிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். பழைய இடத்தில், பின்சுவரிலிருந்து ஜன்னல் வரைக்கும், கொடி விறைப்பாக நின்றது. போர்வை, புடவை, என் நாலு சட்டை எல்லாம் ஜம்மென்று வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நிழலில், என் பாத்தியில், கழுத்து மணியோடு செக்கர் நீட்டிப் படுத்திருந்தது.

"தக்காளிக்குத்தான் நிழல் ஆகாது. இது ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள் என் மனைவி. கடைசிச் செடியிலிருந்த அந்த ஒரே காயைப் பறித்துச் சமையலறை ஜன்னலில் பத்திரமாக வைத்திருந்தாள். "ரெண்டு நாள்ல பழுத்துடும். முழுசா நீங்களே சாப்பிடுங்க."

கோபப்பட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்தக் காயைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொல்லு. என்னிக்குலேர்ந்து இந்தப் பூனைக்குச் சோறு போடற?"

அவள் கொடியில் கடைசித் துணியை உதறிப் போட்டு, கிளிப்பை மாட்டினாள்.

"நீங்க கொடியை அவுத்த அன்னிக்குலேர்ந்துதாங்க."