விளக்குமாறு என்று நீ அனுப்பிய மெஷின்

அக்கரப்பத்தனை,
செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.

அன்பும் பாசமும் நிறைந்த தம்பி மேர்வினுக்கு, உன் அக்கா இசபெல் எழுதுவது. மாதாவின் கிருபையால் நீயும் ஷெரோமியும் பிள்ளைகளும் வத்தளையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இதற்கு அடுத்த வரியில் ‘நாங்களும் இங்கு நலம்’ என்று எழுதுவேன். இந்தத் தடவை பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. உன் மச்சான் உயிரோடு இருக்கிறார். அதை மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ நடுவில் புகுந்து ‘ஒண்ணும் ஆகாதுக்கா’ என்பாய். கடிதத்தில் அதற்கு வழியில்லை.

தேயிலை ஃபெக்டரி மெஷின் அறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உன் மச்சான் என் சமையலறை டின்களை எல்லாம் இறக்கி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய துரை பங்களாவை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கியிருக்கிறார்கள், புல்வெளி பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் நீ. அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. அதோடு நின்றிருக்கலாம். புல்வெளியைச் சுற்றி சைப்பிரஸும் டர்பன்டைன் மரமும் நிற்கின்றன, காற்றடித்தால் இலையும் பட்டையும் கொட்டுகிறது, கையால் கூட்டி முடியாது என்று மனேஜர் கஜேந்திரன் சொன்னதும், உன் கம்பனி முற்றத்தில் கிடந்த அந்த மெஷினை அவர் தலையில் கட்டினாயே, அதைத்தான் சொல்கிறேன். டிராக்டருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற பெரிய தகரப் பெட்டி. அதன் முன்னால் ஒரு ஆள் தலை நுழைகிற குழாய், அதற்குள் விசிறி. டிராக்டரிலிருந்து வருகிற ஓர் இரும்புத் தண்டு சுழன்று அந்த விசிறியைச் சுற்ற, புல்லில் கிடக்கிற குப்பை எல்லாம் உறிஞ்சப்பட்டுப் பெட்டிக்குள் விழும். அதை லொறியிலிருந்து இறக்கியபோது நீ சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “இது ஒரு பெரிய விளக்குமாறுக்கா. மச்சான் உக்காந்துகிட்டே கூட்டலாம்.” சுழலும் தண்டை மூடுகிற பிளாஸ்டிக் உறை வெடித்திருப்பதை நான்தான் காட்டினேன். அதற்கும் ஒன்றும் ஆகாது என்றாய்.

மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் வாசித்து, முக்கியமானதை உன் மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். சரிவில் நிறுத்திப் பெட்டியைக் கவிழ்க்காதே, பின்னால் ஆள் நிற்க விடாதே, கிறீஸ் போடு, இறங்கும்போது எஞ்சினை நிறுத்தி சாவியை எடு, விசிறி ஓயும்வரை குழாய் பக்கம் போகாதே. முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்குத் தெரியும், கேட்கிற முகம் எது, தலையாட்டுகிற முகம் எது என்று. இது தலையாட்டுகிற முகம். முதல் வாரமே பெட்டியை மேட்டில் வைத்துக் கவிழ்த்தார். டிராக்டரின் பின் சக்கரம் ஒன்று நிலத்தை விட்டு எழும்பி, சற்று யோசித்து, திரும்ப இறங்கியது. இலைக் குப்பை முழுவதும் கீழே வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் மேல் போய் விழுந்தது. அவர்கள் அதை இந்த ஊர் வழக்கம் என்று நினைத்து கும்பிட்டார்களாம். அடுத்த வாரம் யாரோ புல்லில் கழற்றி வைத்த செருப்பு ஒன்று குழாய்க்குள் போய்த் துண்டு துண்டாக வந்தது. வெடித்த உறை கடகடவென்று சத்தம் போடுகிறது, காது வலிக்கிறது என்று சொல்லி உன் மச்சான் அதையும் கழற்றிக் கொட்டகையில் மாட்டிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. அதை நான் பிறகுதான் அறிந்தேன், அறிந்த விதத்தைத்தான் இனி எழுதப் போகிறேன்.

போன சனிக்கிழமை கெஸ்ட் ஹவுஸுக்கு சிஸ்டர்மார் கூட்டம் ஒன்று மௌனத் தியானத்துக்கு வந்திருந்தது. மணி அடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது, எதுவானாலும் சைகைதான். பரிமாற சத்தம் போடாத ஆள் வேண்டும் என்று கஜேந்திரன் என்னைக் கூப்பிட்டிருந்தார். பின்னேரம் பிளேன்டீ தட்டோடு நான் புல்வெளிக்கு வருகிறேன், சிஸ்டர்மார் ஜெபமாலையோடு அங்கங்கே நடக்கிறார்கள், உன் மச்சான் அந்த ஓரத்தில் மெஷின் ஓட்டுகிறார். காலையில் காற்சட்டை நனைந்துவிட்டதாம். அதனால் அதற்குப் பதில் இடுப்பில் தொளதொளவென்று சாரம் கட்டியிருந்தார். அந்தத் தண்டு சுழல்கிற இடத்தில் சாரம், தம்பி. நனைந்த பட்டை குழாயில் அடைத்துக்கொண்டது. மனுசன் எஞ்சினை நிறுத்தாமல் குதித்து இறங்கினார். குழாய் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். டிராக்டரைச் சுற்றி நாலு அடி நடந்தால் ஆகிவிடும். நடக்காமல் அந்தத் தண்டுக்கு மேலாகவே காலைத் தூக்கிப் போட்டார்.

சாரத்தின் ஓரம் தண்டில் தொட்டது. தொட்டதுதான் தெரியும். யாரோ உள்ளே இருந்து இழுப்பது போல அது சுற்ற ஆரம்பித்தது. உன் மச்சான் பெட்டியை இழுக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் கண்டதே இல்லை. கையிலிருந்த தட்டைக்கூடக் கீழே போடத் தோன்றவில்லை. சிஸ்டர்மார் எல்லோரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள், ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. மௌனமா பயமா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். ஒரே ஒருவர் மட்டும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். சிஸ்டர் யூஜினா, டயகமப் பக்கத்துப் பிள்ளை, அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினவராம். ஓடிக்கொண்டே கத்தினார்: “கம்பிய விட்றாதீங்க! கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு பின்னால சாஞ்சிக்குங்க!” ஏறி எஞ்சினை நிறுத்தினார். அதற்குள் சாரம் தையல் விட்டுக் கிழிந்து முழுவதும் தண்டில் சுருண்டுவிட்டது. அது பழைய சாரம். நீ கிறிஸ்மசுக்கு அனுப்பிய புதுச் சாரமாக இருந்திருந்தால் அது கிழிந்திருக்காது, ஆள்தான் போயிருப்பார். உனக்குக் கடிதம் எழுதாமல் தந்தி மாதிரி ஒரு வரிதான் அனுப்பியிருப்பேன்.

குளிருக்காக உள்ளே அவர் போட்டிருந்தது, முன்பு தங்கிய ஒரு வெள்ளைக்காரி விட்டுப் போன ஊதா நிற இறுக்கக் காற்சட்டை. அதில் முழுவதும் மஞ்சள் பூ. அத்தனை சிஸ்டர்மாரும் ஒரே நேரத்தில் மலையைப் பார்த்தார்கள். இவரோ புத்தி கலங்கி, ஒன்றுமே நடக்காதது போல, அடைத்த பட்டையை எடுக்கக் குழாய்க்குள் கையை விடப் போனார். சிஸ்டர் யூஜினா அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். “எஞ்சின்தாங்க நின்னிருக்கு. விசிறி இன்னும் சுத்துது, கேக்கலியா?” என்றார். பிறகு உறை எங்கே என்று கேட்டு, கொட்டகையில் என்று தெரிந்ததும், அவர் தகப்பன் டிராக்டர் கொட்டகையில் பேசியிருக்கக்கூடிய பாஷையில் ஏசத் தொடங்கினார். சிஸ்டர்மாரைக் கூட்டி வந்த மதர் தொண்டையைச் செருமியதும் பாதிச் சொல்லில் வாயை மூடி, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு திரும்ப மௌனமாக நடந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் என்ன நடந்தது என்று விசாரிக்க, குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்று இவர் கூசாமல் சொன்னார். நான் இடையில் புகுந்து உள்ளதைச் சொன்னேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். தொடை முழுக்கக் கன்றிக் கறுத்திருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து இருட்டும்வரை அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“செத்திருப்பேன் இல்ல?”

“செத்திருப்பீங்க,” என்றேன். ஏசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன் தம்பி. அதை எல்லாம் விட்டுவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.

ஆகையால் நான் முடிவு செய்துவிட்டேன். அந்தோனியார் படத்துக்கு முன்னால் உன் மச்சானிடம் இனி அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ லொறியோடு வந்து, கஜேந்திரனிடம் உன் வாயாலேயே பேசி, அந்த விளக்குமாற்றை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஏப்ரல் சீசனுக்குக் கூட்டம் வரும், மெஷின் இல்லாமல் முடியாது என்று அவர் சொல்வார். கேட்காதே. உடைந்த உறையோடு ஓர் ஆபத்தை சொந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினவன் நீ என்பதை மட்டும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வா. ஷெரோமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உன் வாகனத்துக்கும் வழிக்கும் மாதா காவல் இருக்கட்டும்.

உன்மேல் கோபம் குறையாத, ஆனாலும் உனக்காகத் தினமும் ஜெபிக்கிற,
அக்கா இசபெல்.

பி.கு.: இதை ஒட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. இன்று புதன்கிழமை காலை தபால் கந்தோருக்குப் போகிற வழியில் கெஸ்ட் ஹவுஸ் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போகிறேன் என்று புறப்பட்ட உன் மச்சான், தண்டுக்குப் புது உறை பூட்டி, காற்சட்டை போட்டு, சட்டையை உள்ளே விட்டு, மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேரே போய் முன்னால் நின்றேன். அவர் மெஷினை நிறுத்தாமல் இருக்கையிலிருந்தே சமாதானம் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் குழாயில் ஒரு பட்டை அடைத்துக்கொண்டு துடித்தது. தம்பி, ஏன் என்று எனக்கே தெரியாது, அவரை ஏசிக்கொண்டே அந்தப் பட்டையைக் குடையால் குத்தி, இன்னொரு கையால் இழுக்கப் போனேன். குடையை யாரோ பறித்தது போலிருந்தது. உன் மச்சான் எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டு, சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விசிறி ஓயும்வரை விடவில்லை. ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குடை போய்விட்டது. கை இருக்கிறது.

நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அந்த மெஷினுக்கு ஓட்ட ஒருவரும் பக்கத்தில் நின்று பார்க்க ஒருவரும் வேண்டும் என்று கஜேந்திரன் சொல்கிறார். திங்கட்கிழமையிலிருந்து அந்த இரண்டாவது ஆளாக நான் போகிறேன். சேலையோடு அந்தப் பக்கம் வரக் கூடாது என்று உன் மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கெட்டித் துணியில் ஒரு காற்சட்டை அனுப்பு. என் அளவு ஷெரோமிக்குத் தெரியும், நீ பார்க்காதே.