மணிமொழியின் மூன்று தழும்புகள்

வல்லத்து மணிமொழிக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் செஞ்சியில் அவள் வேலை பார்க்கப்போகும் அரசு அலுவலகத்திலேயே அங்க அடையாளம் சரிபார்க்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் அவளுடைய அடையாளம்: "இடது கன்னத்தில் பருத் தழும்புகள் மூன்று."

அந்த மூன்றையும் போக்கத்தான் ஓராண்டு திண்டிவனத்துத் தோல் டாக்டரிடம் அலைந்திருந்தாள். ஊசி குத்தினது போன்ற ஆழக் குழிக்கு மருந்து வைத்தார். பெட்டி மாதிரி விளிம்புள்ள குழிக்கு லேசர். அலையாய் இறங்கிய பள்ளத்துக்குத் தோலடியில் ஊசி விட்டு, உள்ளே இழுத்துப் பிடித்திருந்த நாரை அறுத்துவிட்டார்.

கண்காணிப்பாளர் ராஜாங்கம் பூதக்கண்ணாடியை இறக்கினார். "இன்னாம்மா, தழும்பைக் காணோம்?"

"ட்ரீட்மென்ட் எடுத்தேன் சார். எழுபது பர்சென்ட் போயிடுச்சி."

"அப்போ மிச்சம் முப்பது பர்சென்ட்தான் மணிமொழி. முழு ஆளுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்குது."

"ஆதார் இருக்குது, கைரேகை வெச்சிப் பாருங்க சார்."

"அது நீங்க யாருன்னு சொல்லும். சான்றிதழ்ல இருக்கிறவங்க நீங்கதானான்னு சொல்லாதே!"

மறுநாள் டாக்டரின் கடிதத்தோடு வந்தாள். ராஜாங்கம் இருமுறை படித்தார்.

"மூணும் மூணு வகைன்னு எழுதியிருக்காரு. சான்றிதழ்ல வகையே இல்ல. இது வேற யார் தழும்போ! அதுவுமில்லாம, அரசு ஆவணத்துல ஏறின தழும்பை முன்அனுமதி இல்லாம அழிச்சிருக்கீங்க."

"நாளைக்குக் கடைசி நாள் சார். சேரலன்னா வேலை போயிடும்."

"சான்றிதழைத் திருத்த ஆறு மாசம் ஆவும்மா. முகத்தைத் திருத்திக்கினு வாங்க."

மணிமொழி அழவில்லை. நேராகப் பஸ் நிலையத்துக்கு எதிரே, மணப்பெண் அலங்காரம் செய்யும் கலைவாணியிடம் போனாள்.

"பருவை மறைக்கத்தான் எல்லாரும் வருவாங்க. வரையச் சொல்ற மொத ஆளு நீதான்" என்றபடி கலைவாணி மூன்று குழிகளையும் நிழல் விழ வரைந்து தந்தாள்.

கடைசி நாள் ராஜாங்கம் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்பத்தான் நீங்க நீங்களா இருக்கீங்க." கையெழுத்துப் போட்டார்.

அந்நேரம் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. அவர் மறதியாகக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மூக்கின் மேலிருந்த மச்சம் கைக்குட்டைக்கு வந்துவிட்டது.

ராஜாங்கம் பதறவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சின்னக் கண்ணாடியையும் மைப் பென்சிலையும் எடுத்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துட்டேம்மா. பணிப் பதிவேட்டுல இருக்குதே, இன்னா பண்றது? நீங்களும் டெய்லி பத்து மணிக்குள்ள வரைஞ்சிக்கினு வந்துடுங்க. இடம் மாறக் கூடாது."

மணிமொழி திரும்பிப் பார்த்தாள். புழுங்கும் அறையில் பதினோரு ஊழியர்களும் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் முகத்தைத் துடைக்கவில்லை.