அம்பை மட்டும் நம்புங்க

அந்தப் பலாமரம் இரண்டாவது தடவை வந்தபோது ஓம்பிரகாஷ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லிமலையில் பலாமரத்துக்கா பஞ்சம்? ஆனால் மரத்தடியில் ரோடு முழுக்கப் பரப்பியிருந்த அதே ராகிக் கதிரும், ஓரத்தில் கோலோடு நின்ற அதே சிவப்புச் சேலைப் பெண்ணும்தான் உறுத்தலாக இருந்தன.

"ஏனுங்கக்கா, நான் இப்பத்தான இந்த வழியாப் போனேன்?"

"போனீங்க சாமி" என்றாள் அவள். பெயர் மாதம்மாள்.

"மறுபடியும் இங்கயே எப்படி வந்தேன்?"

"சைக்கிள்லதானுங்க."

மறுக்க முடியாத பதில். மலைச் சைக்கிள் பந்தயம் திருப்புலி நாடு ஊராட்சியில் தொடங்கி, தார் ரோடும் மண் தடமுமாகப் போய்ச் செம்மேட்டில் முடிகிறது. எந்த இடமும் இரண்டு தடவை வர நியாயமில்லை. பலாமரத்தடியில் வழி இரண்டாகப் பிரிந்தது. பந்தயம் நடத்துபவர்கள் நட்ட மஞ்சள் அம்பு இடப்பக்கம் காட்டியது. இடப்பக்கம் போனால் ஒரு கரட்டுக் குன்றைச் சுற்றிப் பத்தே நிமிடத்தில் இங்கேயே வந்து நிற்க வேண்டியிருந்தது. பந்தயத்துக்காகக் காலையிலிருந்து பஸ், லாரி எதையும் விடாததால் கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

ஓம்பிரகாஷ் ஆத்தூர்க்காரன். மலைக்கு மாற்றலாகி வந்த அரசு அலுவலக உதவியாளன். முப்பத்தாறு வயதுவரை எதையும் முழுசாக முடித்த சரித்திரம் அவனுக்குக் கிடையாது. யோகா பதினொரு நாள். கீபோர்டு மூன்று வாரம். வீட்டுக்கு வெள்ளையடித்தது ஒன்றரைச் சுவர்.

"ஜெயிக்கெல்லாம் வேண்டாமுங்க" என்று காலையில் சொன்னாள் மனைவி சங்கீதா. "பதினோரு மணிக்குள்ள கோட்டைத் தொட்டா எல்லாருக்கும் மெடல் தர்றாங்களாம். இது ஒண்ணையாவது முடிச்சுட்டு வாங்க." அவள் கிண்டல் செய்யாமல் சொன்னதுதான் அவனுக்கு வலித்தது.

மணி ஒன்பதரை. பந்தயத்தை நடத்தும் சென்னியப்பனுக்குப் போன் போட்டான்.

"வழி குழம்புதுங்க."

"குழப்பமே வேண்டாமுங்க. அத்தனை அம்பையும் நேத்து நானே நட்டேன். அம்பை மட்டும் நம்புங்க."

நம்பினான். கதிர் மேல் ஏறாமல் ஓரமாக ஒதுங்கி இடப்பக்கம் திரும்பினான்.

"ஓரத்துல வழுக்குமுங்க சாமி, நடுவுலயே போங்க."

"தானியம் வீணாப் போயிருமேக்கா."

"போனாப் போகுதுங்க. உங்க கை காலுக்கு ஒண்ணு ஆகிரக் கூடாது."

இப்படியும் ஒரு மனசா என்று வியந்தான். நடுவிலேயே சரசரவென்று ஏறிப் போனான். பத்து நிமிடத்தில் பலாமரம் வந்தது.

இனித் தன் புத்தியை நம்புவதில்லை என்று தீர்மானித்து, முன்னால் போன ஒரு வாட்டசாட்டமான ஆளின் பின்னால் ஒட்டிக்கொண்டான். நாமக்கல்லில் வங்கி வேலை பார்க்கும் பிரேம் அவன். பாதிக் கரடு தாண்டியதும் பிரேம் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, நீங்க தைரியமா இந்தப் பக்கம் திரும்பறதைப் பாத்துத்தான் நானும் வந்தேன். இன்னும் எவ்வளவு தூரம்?"

பிரேமை நம்பி இன்னும் ஆறு பேர் வந்திருந்தார்கள். எட்டு சைக்கிளும் வட்டமாகச் சுற்றியதில் யார் முதல், யார் கடைசி என்று எட்டுப் பேருக்குமே தெரியவில்லை.

"ஒருவேளை இந்த இடத்துல மட்டும் பல சுத்து போகணுமோ?" என்று கிளப்பிவிட்டான் பிரேம்.

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஓம்பிரகாஷ் பலாமரத்தடியில் பிரேக் போட்டான்.

"அக்கா, இன்னும் எத்தனை சுத்துங்க?"

மாதம்மாள் குனிந்து ஒரு கதிரை எடுத்துக் கசக்கி ஊதிப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணு போதுமுங்க."

"பாத்தீங்களா, அக்காவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது" என்றான் ஓம்பிரகாஷ். எட்டுப் பேருக்கும் உயிர் வந்தது.

அந்தச் சுற்றும் முடிந்தது. அம்புக்குறியை மறைத்துக்கொண்டு நின்ற மாதம்மாள் வலப்பக்கம் கை காட்டினாள்.

"போதுமுங்க. இனி இந்தப் பக்கமாப் போங்க சாமி."

மணி பத்தே கால். இன்னும் ஆறு கிலோமீட்டர்தான். சங்கீதாவைக் கூப்பிட்டான். "முடிச்சிருவேன் போலிருக்கு."

"நெசமாவா?" என்றாள். கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அது.

சைக்கிளை விட்டு இறங்கி மாதம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க இல்லேன்னா இன்னைக்கு நான் கரை சேந்திருக்க மாட்டேங்க்கா."

"எல்லாம் உங்க புண்ணியமுங்க சாமி" என்றாள் அவளும் மனசாரவே.

எட்டு சைக்கிளும் வளைவில் மறைந்தன. மாதம்மாள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"பாவாயி, என்ற ராகி சுத்தமா உதுந்துருச்சு. எட்டுப் பேரையும் உன்ற பக்கம் அனுப்பியிருக்கேன், வெரசாக் கதிரைப் பரப்பிட்டு அங்க இருக்கற அம்பையும் திருப்பி வெச்சுரு."