பாங்கொக்கரின் முன்வரிசை

லண்டனில் பேய்களுக்கு முன்வரிசை ஒதுக்கிப் படம் காட்டிய ஒரே மனிதர் எங்கள் பாங்கொக்கர்தான். இதை எவர் முன்னாலும் அடித்துச் சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயர் லண்டனில் நாங்கள் இருக்கும் இல்ஃபோர்ட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊரிலிருந்து லண்டனுக்கு வர வெளிக்கிட்டவரை, காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் இறக்கி, "இரண்டு கிழமை பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு மறைந்தானாம். இரண்டு கிழமை பதினொரு வருடமானது. கூட வந்த மற்றவர்கள் அறைக்குள் ஒளிந்திருந்து சீட்டு விளையாட, இவர் ஊர் ஊராகத் திரை கட்டிப் படம் காட்டும் வண்டி ஒன்றில் கயிறு கட்டுகிற வேலைக்கு ஏறிவிட்டார்.

எங்கள் முதியோர் சங்கம் புதன்கிழமைப் பின்னேரங்களில் ஒரு மண்டபத்தில் கூடும். தேத்தண்ணி, வடை, பிறகு ரீவித் தொடர். பாங்கொக்கர் சேர்ந்த மூன்றாம் கிழமையே தொடர் நின்றது. தாய்லாந்துப் படத்தட்டு ஒன்றைப் போட்டு, சத்தத்தை அடியோடு குறைத்து, மைக்கைப் பிடித்தார்.

"இதென்ன, ஊமைப் படமோ?" என்றார் சங்கத் தலைவர். அவர் ஊரில் தபாலதிபராக இருந்தவர், எல்லோருக்கும் போஸ்ட்மாஸ்டர்.

"ஒரு காலம் அங்கை சத்தமில்லாமல்தான் எடுப்பினம் மாஸ்டர். மலிவான சின்னப் பிலிம். கொட்டகையிலை ஒரு ஆம்பிளையும் ஒரு பொம்பிளையும் மைக்குக்கு முன்னாலை இருந்து கதாநாயகன், வில்லன், மாமியார், மாடு எல்லாத்துக்கும் குரல் குடுப்பினம். ஆர் நடிக்கிறது எண்டில்லை, ஆர் குரல் எண்டு கேட்டுத்தான் சனம் டிக்கெட் எடுக்கும்."

"மாட்டுக்குமோ?"

"மாட்டுக்குத்தான் கூடக் கைதட்டு."

அன்றிலிருந்து தாய்லாந்துக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசத் தொடங்கினார்கள். கதாநாயகி பூப்போல இருப்பாள்; வாயைத் திறந்தால் பாங்கொக்கரின் கட்டைக் குரலில் "ஐயோ என்ரை ராசா" என்பாள். எங்களுக்குப் பல்செட் கழன்று விழும். "சிரியாதேங்கோ, அவள் சாகப் போறாள்!" என்று அதே குரலில் ஏசுவார்.

அந்த நாட்டில் மருந்துக் கம்பனிகள் ஊருக்கு ஊர் போய் இலவசமாகப் படம் காட்டுமாம். கதை சூடாகிற இடத்தில் நிறுத்திவிட்டு மருந்து விற்பார்களாம்; விற்று முடிந்தால்தான் மிச்சப் படம். பாங்கொக்கரிடம் விற்க மருந்தில்லை. ஆனால் எங்களிடம் பை பையாக இருந்தது. கதாநாயகன் மரக்கிளையில் தொங்க, கீழே முதலை வாயைப் பிளக்க, படம் நிற்கும்.

"பிரஷர் குளிசை, சீனிக் குளிசை போடாத ஆக்கள் போடுங்கோ. கடைசி ஆள் விழுங்கினாத்தான் அவன் தப்புவான்."

எப்போதும் கடைசி ஆள் போஸ்ட்மாஸ்டர்தான். அவர் போத்தலைத் தேடி முடிக்கும்வரை மண்டபம் முழுவதும் அவரைத் திட்டும். என் பிரஷர் இறங்கியதைப் பார்த்த டொக்டர், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தாய்லாந்துப் படம் பார்க்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, நடக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் ஐந்து கதிரை எப்போதும் வெறுமையாக இருக்கும். புதிதாக வந்த ஒரு அக்கா அதில் போய் இருந்தார்.

"எழும்புங்கோ அக்கா. அதிலை ஆள் இருக்கு."

"ஒருத்தரையும் காணேல்லையே!"

"காணமாட்டியள். பேய்."

அந்த அக்கா வடையையும் விட்டுவிட்டு வாசல்வரை ஓடினார். பிடித்துக்கொண்டு வந்து விளக்கினார் பாங்கொக்கர். அங்கே நேர்த்திக்கடன் வைத்தவர்கள், கேட்டது நடந்தால் ஆவிகளுக்குப் படம் போடுவார்களாம். கோயிலடியில் திரை கட்டி, வெறும் நிலத்துக்கு முழுப் படமும் ஓடும்.

"குரல்காரன் வராத நாளிலை நான்தான் கதைப்பன். ஒரு பேயும் பாதியிலை எழும்பிப் போகேல்லை. இஞ்சை நீங்கள்தான் பாத்ரூமுக்கு ஓடுறியள்!"

தேத்தண்ணி வேளையில் மட்டும் குரல் தணியும். "அந்தப் படங்கள் கனக்க இப்ப இல்லை அக்காமார். ஒரே பெட்டியை ஊர் ஊரா ஓட்டித் தேய்ச்சுப் போட்டம். பிறகு சத்தத்தோடை பெரிய பிலிம் வந்தது, குரல்காரருக்கு வேலை போச்சு. வீடியோ வந்தது, வண்டிக்கும் வேலை போச்சு. இப்ப அவையின்ரை பேய்ப் படம் லண்டன் தியேட்டரிலையும் ஓடுது. பேய் ஒருநாளும் கைவிடாது."

இரண்டு வருடமாக என்னிடம் ஒரே கேள்வி. "தங்கச்சி, எனக்கொரு பொம்பிளைக் குரல் வேணும். என்ரை படத்துக்குள்ளை கதைக்காத ஒரே ஆள் நீங்கள்தான்."

"எனக்கு ஏலாது அண்ணை." அந்தச் சங்கத்தில் நான் அதுவரை பேசியதெல்லாம், "எனக்குச் சீனி வேண்டாம்" என்பது மட்டும்.

போன மாரிக் குளிரில் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன். குரல் இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் கூட்டத்தில் எழுந்தார். "குரலில்லாத மனுசனுக்கு மைக் என்னத்துக்கு? புதன்கிழமையை யோகா வகுப்புக்குக் குடுப்பம்."

பாங்கொக்கர் ஒரு தாளில் எழுதித் தூக்கிக் காட்டினார்: "ஒரு புதன் தாங்கோ." காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனாலும் தலை தானாக ஓமென்று ஆடிவிட்டது.

படம் முழுவதையும் தமிழில் ஒரு கொப்பியில் எழுதித் தந்தார். அந்தப் புதன் வந்து பார்த்தால், ரிமோட்டோடு பேய்களின் வரிசையில் போய் இருக்கிறார். ஏனென்று கேட்டதற்கு, "குரல் போனால் நானும் அந்தக் கூட்டம்தான்" என்று எழுதிக் காட்டினார்.

கதை ஒரு ஓடக்காரியைப் பற்றியது. பணக்காரன் ஒருவன் ஓடத்தில் ஏறி நின்று, துறை தன்னுடையது, வெளியே போ என்கிறான். அவள் பொரிந்து தள்ளுகிறாள். நானோ ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிறேன். அவள் நாலாம் பக்கத்தில், நான் இரண்டாம் பக்கத்தில். சனம் நெளிந்தது. போஸ்ட்மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். பாங்கொக்கர் திரும்பி, இரண்டு கையையும் சேர்த்து, கொப்பியை மூடு என்று காட்டினார்.

மூடினேன்.

"இஞ்சை பார், எத்தினை இடத்திலை எழும்பு எழும்பு எண்டு என்னைக் கலைச்சுப் போட்டாங்கள்! இனி எழும்ப ஏலாது. என்ரை முழங்காலும் ஏலாது எண்டுது. ஆத்தைக் கடக்கிறதெண்டா இரு. இல்லாட்டி இறங்கு!"

ஓடக்காரிக்கு இருபது வயதுதான். இருந்தாலும் அந்த முழங்காலுக்கு மண்டபமே கைதட்டியது. பிறகு நான் நிறுத்தவில்லை. பணக்காரன் ஓடத்தைக் கவிழ்க்க, பாங்கொக்கரின் கை உயர்ந்தது. படம் நின்றது.

"மாஸ்டர்! உங்கட குளிசை!" என்று கத்தினேன்.

போஸ்ட்மாஸ்டர் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். "விழுங்கியிட்டன் பிள்ளை, போடுங்கோ! அவள் தாழப் போறாள்!"

யோகா வியாழக்கிழமைக்குப் போனது.

முடிந்ததும் பாங்கொக்கர் ஒரு தாளை நீட்டினார். "அவள் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. ஆனா சொல்லியிருக்க வேணும்." அது இப்போதும் என் கைப்பைக்குள் இருக்கிறது.

இப்போது அவர் லண்டனின் தெற்குக் கோடியில், சட்டனில் மகளோடு இருக்கிறார். லண்டனைக் குறுக்கே கடந்து, ரெயில் மாறி மாறி, புதன்தோறும் வருவார். முன்வரிசை நடுக்கதிரை யாருக்கு என்று புதியவர்கள் கேட்டால், "பேய்க்கு" என்பார் போஸ்ட்மாஸ்டர். நானும் திருத்துவதில்லை. அந்தக் கதிரை நிறையும்வரை மைக்கைத் தொடுவதுமில்லை.