தொடக்கூடாத படிகள்

சக்கர நாற்காலி கீழே வந்துகொண்டிருந்தது. அதில் ஓவர்சியர் குழந்தைவேலு உட்கார்ந்திருந்தார். நிறுத்தும் வழிதான் அவருக்குத் தெரியவில்லை.

குன்றின் மேலிருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா இப்போது நூல்நிலையம். அதைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. சின்ன வயதிலேயே கால்கள் சூம்பிப்போன அவர் மனைவி பொன்னம்மா, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் இந்தத் தீவுக்கு வந்திறங்கிய நாள் முதல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த வராந்தாவிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் ஒப்பவில்லை.

"நான் என்ன அரிசி மூட்டையா? என் சக்கர நாற்காலியிலதான் போவேன்."

நடுவில் நின்றது கல் படிக்கட்டு. சரித்திரச் சின்னம், ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. குழந்தைவேலு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறுவார். அதனால் படியைத் தொடாமல் மேலே பலகை போட்டுச் சாய்வு செய்யும்படி காண்ட்ராக்டர் ஜெய்னுதீனிடம் சொல்லியிருந்தார். அதன் வெள்ளோட்டம்தான் இது.

குரோட்டன்ஸ் செடிக்குள்ளிருந்து ஓவர்சியர் எழுந்தார். "பலகையில என்னய்யா தடவினீங்க?"

"கிரீஸ், சாப். மரம் ஏத்துற பலகைக்கு நம்ம ஆளுங்க எப்பவும் தடவுவாங்க. நல்லா வழுக்கும்."

"வழுக்கிச்சு."

மறுநாள் மணல் தூவினார்கள். உடனே ஒரு மழை. மணலும் கிரீஸும் சேர்ந்து களியாகி, பாதி வழியில் சக்கரம் புதைந்தது. குழந்தைவேலு குடை பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பாதாம் மரத்தடியில் பாயில் இருந்த பொன்னம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து, காட்டுக் கூப்பில் வெட்டிய மரம் இழுக்கும் யானை ஜெயமணியைக் கூட்டிவந்தார் ஜெய்னுதீன். கயிறு கட்டி அது நாற்காலியை மேலே இழுப்பதாக ஏற்பாடு. ஜெயமணி பலகைகளைப் பார்த்தது. பழகின வேலையாயிற்றே! ஒவ்வொன்றாக உருவி, சாலையோரம் பிசகாமல் அடுக்கிவிட்டு, வெல்லத்துக்குத் தும்பிக்கையை நீட்டியது.

"பஹுத் அச்சா, பேட்டி!" என்று பெற்ற மகளைப் பாராட்டுவதுபோல் பாகன் பெருமையோடு தட்டிக்கொடுத்தார்.

குழந்தைவேலு படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுங்க," என்றாள் பொன்னம்மா. "நீங்க மேல போய் என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்."

அவர் போனார். வராந்தாவில் காற்று உப்பும் ஈரமுமாக வந்தது. "பாம்பூஃப்ளாட்டிலேர்ந்து படகு வருது," என்று கத்தினார். "பின்னாலேயே வெள்ளையா ஒரு கோடு... தண்ணி உன் கல்யாணப் புடவை மாதிரி மயில்கழுத்து நிறம்... எதிர்க்கரைக் குன்று மேல மேகம் ஒண்ணு படுத்துத் தூங்குது, பொன்னு."

கீழே அவள் மூடிய கண்களோடு, தூக்கத்தில் குழந்தை சிரிப்பதுபோல் சிரித்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு உத்தரவு, உத்தியோகம், பென்ஷன் எல்லாம் எங்கோ தூரத்துக் கரைபோல மங்கிப்போயின.

இறங்கிவந்து செருப்பை மாட்டினார். அந்தச் செருப்போடு படிமேல் ஏறி நின்றார்.

"ஜெய்னுதீன், உடைங்க இதை. வேலை போனா போகட்டும்!"

ஜெய்னுதீன் நிதானமாகக் கடப்பாரையை எடுத்தார்.

"தொடக்கூடாதுன்னீங்க, நானும் தொடலே சாப்! இது வெள்ளைக்காரன் படியே இல்லே, யுத்தத்துல தீவைப் பிடிச்ச ஜப்பான்காரன் போனப்புறம் நான் கட்டினது. அடியில பழைய சாய்வு அப்படியே இருக்கு, இங்கே இருந்த துரையும் சக்கர நாற்காலியிலதான் போவாரு."